இடது கிளை ஓடை

ஐந்தே முக்காலுக்கே விடுதி வாசலில் நிற்பாள் ஃபெம்கே.
ஊத்ரெக்ட் நகரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள்.
நான் இரண்டு நிமிடம் பிந்தினால்
கடிகாரத்தைத்தான் பார்ப்பாள்,
என்னைப் பார்க்க மாட்டாள்.

பதினோரு நாளாக நான் அவளுக்கு வழிகாட்டி.
கோட்டு பாலத்தில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி,
நெல்வயல் கம்பியில் தோளோடு தோள் ஒட்டிய பஞ்சுருட்டான்கள்,
மீன்சந்தைக் கூரையில்
மழையில் நனைந்த கோணிகள் போலக் கழுகுகள்.
எல்லாவற்றுக்கும் பென்சிலால் ஒரு கோடு.
நேற்று மாலை எண்ணிப் பார்த்தாள்:
ஆப்பிரிக்கக் கணக்கில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

'ஐந்நூறாவது வெண்முதுகு இராக்கொக்கு' என்றாள்,
கடைக்காரனிடம் பழம் கேட்பது போல.
'சத்தம் கேட்டால் போதாது, செரிஃபோ.
கண்ணால் காண வேண்டும்.'

இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.
இடது கிளை ஓடையில் மூன்றாம் வளைவு,
நீரைத் தொடும் கண்டல் கொப்பு,
அதற்குள்ளே சுள்ளிக்கூடு.
சிப்பி எடுக்கும் பெண்களுக்கும் தெரியும்.
இடுப்பளவு சேற்றில் நின்று
வேர் வேராய்ச் சிப்பி வெட்டுகிறவர்கள்
அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுப் போகிறார்கள்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

போன வருடம் நான்கு பேரை அங்கே கூட்டிப் போனேன்.
நான்கு கேமராக்கள்.
ஒருவர் மட்டும், வேண்டாம் என்று சொல்லியும்,
வெளிச்சம் அடித்தார்.
பறவை எழுந்தது.
கொப்பு ஆடி நிற்பதற்குள்
குரங்கு ஒன்று இறங்கி வந்து
முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்தது,
நாங்கள் விலை பார்ப்பது போலவே.
அன்று கிடைத்த யூரோவில்
சமையலறைக்குத் தகரம் போட்டேன்.
மழைக்காலத்தில் அதன்கீழ் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.
ஒழுகவில்லை.
அதைக் குறை சொல்ல முடியாது.

இன்று அன்சு துடுப்பு போட்டான்.
ஓடை பிரியும் இடத்தில்
படகின் மூக்கை இடதுபக்கம் திருப்பினான்.
'வலது' என்றேன்.
'இடதுபக்கம் என்ன?' என்றாள் ஃபெம்கே.
'தண்ணீர் வற்றிவிட்டது, படகு தட்டும்.'
அன்சு நீரைப் பார்த்தான்.
கண்டல் வேர்களின் கழுத்துவரை ஏற்றம்.
யானையை ஏற்றிக்கொண்டுகூடப் போகலாம்.
அவன் என்னைப் பார்த்தான். துடுப்பை மாற்றினான்.

வலதுபக்கம் மூன்று மணி நேரம்.
ஒரு விரால் அடிப்பான், இரண்டு பாம்புத்தாரா,
ஏற்கெனவே கோடு விழுந்த ஏதேதோ.
நண்டுகள் தம் ஒற்றைப் பெரிய கையை ஆட்டி
எங்களை வழியனுப்பிக்கொண்டே இருந்தன.
ஃபெம்கே தொலைநோக்கியை மடியில் வைத்துவிட்டு
என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
முப்பது வருடம் கண்ணாடி வழியாகப்
பயணிகளைப் படித்தவள்;
சீட்டு வாங்காமல் ஏறியவனைத்
தோளை வைத்தே சொல்லிவிடுவாளாம்.

அன்பளிப்பு உறை மெலிந்துதான் இருந்தது.
எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை.
மகளின் பள்ளிக்கட்டணத்துக்குப் பாதி.
மீதிக்கு யாரைக் கேட்பது என்று
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது
விடுதியின் ஜெனரேட்டர் நின்றது.

மேசையில் ஏழு பேர், ஒரு மெழுகுவர்த்தி.
அந்த அமைதிக்குள்
ஓடைப் பக்கமிருந்து வந்தது,
தொண்டையில் மணல் சிக்கிய ஒருவன்
பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல,
ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
'தவளை' என்றேன்.

ஃபெம்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
நோட்டை எடுத்தாள். பென்சிலை எடுத்தாள்.
என் கழுத்து வியர்த்தது.
'பெரிய தவளை' என்றாள்.
பென்சில் முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு
நோட்டை மூடினாள்.
பிறகு மீன் தட்டை
என் பக்கம் நகர்த்தினாள்.